கற்பனை நாட்டுக்கு ஒரு கொடி: வாசகர் கேள்வி – பதில்

கற்பனை நாடுகளுக்கு வரைபடம் வரைவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, நாவலும் சிறுகதையும் எழுதிக்கொண்டிருக்கும் வாசகர்கள் சிலர் தங்கள் நாடுகளின் கொடிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கொடியின் நிறத்தையும் சின்னத்தையும் பற்றியவை. கொடிக்குச் செய்யும் மரியாதையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. இது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. ஒரு துணியை யார் தொடலாம், எப்போது இறக்க வேண்டும், கிழிந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்ற வழக்கங்களிலிருந்துதான் அந்த நாட்டு மக்கள் எதற்கு அஞ்சுகிறார்கள், எதை மறக்க மறுக்கிறார்கள் என்பது வாசகருக்குத் தெரியவரும். ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் கொடிக்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: என் நாவலில் ‘வெண்கரை’ என்றொரு தீவுநாடு வருகிறது. உப்பு விளைவித்தும் மீன் பிடித்தும் வாழும் மக்கள். ஏழு தீவுகளுக்கு ஏழு நட்சத்திரங்கள், நடுவில் பாய்மரக் கப்பல், அதன் மேல் கிரீடம், கீழே நாட்டின் முழக்கம் என்று வெள்ளைத் துணியில் கொடி வரைந்திருக்கிறேன். படித்துப் பார்த்த தோழி, கொடி மனத்தில் நிற்கவில்லை என்கிறாள். எதை நீக்கலாம்?

பதில்: முதலில் முழக்கத்தை நீக்கிவிடுங்கள். கொடியைத் தாளில் வரையும்போது அது தட்டையாக, அசையாமல், முழுவதும் தெரியும்படி இருக்கிறது. கம்பத்தில் ஏறிய பிறகு அது ஒரு நாளும் அப்படி இருப்பதில்லை. காற்று வீசினால் மடிந்து சுருள்கிறது. காற்று நின்றால் கம்பத்தோடு ஒட்டித் தொங்குகிறது. அதில் எழுதிய எழுத்தை யாரும் வாசிக்கப் போவதில்லை. மேலும், ஒற்றைத் துணியில் ஊடுருவித் தெரியும் எழுத்து பின்புறத்தில் இடம் வலமாக மாறிவிடும். சவுதி அரேபியாவின் கொடியில் இஸ்லாமிய உறுதிமொழி எழுதப்பட்டிருப்பதால், அது இரு பக்கமும் சரியாக வாசிக்கப்பட வேண்டும் என்று இரண்டு துணிகளை முதுகோடு முதுகு சேர்த்துத் தைக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாசகம் புனிதமானது. அதற்காக அந்தக் கூடுதல் கனத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் மீனவர்களுக்கு அந்த முழக்கம் அவ்வளவு முக்கியமா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கப்பலும் கிரீடமும் நட்சத்திரங்களும். ஜப்பானியக் கொடியை ஒரு குழந்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரைந்துவிடும். 1999-இல் வந்த சட்டப்படி அதன் உயரமும் நீளமும் 2:3 விகிதம், வட்டத்தின் குறுக்களவு உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எளிமை என்றால் நிறங்களைக் குறைப்பது மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். 1994-இல் வந்த தென்னாப்பிரிக்கக் கொடியில் ஆறு நிறங்கள் இருக்கின்றன. ஆனாலும் அது குழம்பவில்லை. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவிலும், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவிலும் வெள்ளைக் கரை ஓடுகிறது. பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் மஞ்சள் கரை. அடர்ந்த நிறங்கள் ஒன்றையொன்று தொடாதபடி வெளிர் நிறம் நின்று பிரிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கேடயச் சின்னக் கலையிலிருந்து வந்த பழைய அறிவு. புகைமூட்டத்திலும் மாலை வெளிச்சத்திலும் அதன் பயன் தெரியும்.

உங்கள் வெள்ளைத் துணியைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலக் கூட்டமைப்பு 1863-இல் ஏற்றுக்கொண்ட இரண்டாவது கொடி, ஒரு மூலையில் மட்டும் சின்னமும் மீதி முழுவதும் வெள்ளையுமாக இருந்தது. காற்றில்லாத நேரத்தில் அது தொங்கும்போது வெள்ளை மட்டுமே தெரிந்து, சமாதானக் கொடி என்று தவறாக எண்ண இடம் கொடுத்தது. 1865-இல், போர் முடியும் தறுவாயில், பறக்கும் முனையில் ஒரு சிவப்புப் பட்டையைச் சேர்த்தார்கள். கடலில் வாழும் வெண்கரை மக்கள் இந்தப் பிழையைத் தங்கள் முதல் தலைமுறையிலேயே உணர்ந்திருப்பார்கள். ஆகவே உப்பைக் குறிக்கும் வெள்ளை இருக்கட்டும். கம்பத்துக்கு எதிர்ப் பக்கத்தில் அடர் நீலத்தில் ஓர் அகலப் பட்டை வையுங்கள். சின்னங்களில் ஒன்றே ஒன்றைக் கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் வையுங்கள். நானாக இருந்தால் பாயை மட்டும், அதுவும் ஒரு முக்கோணமாக, வைத்திருப்பேன். நீலச் சாயம் அந்தத் தீவுகளுக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசித்து வையுங்கள். வேதியியல் வழியில் முதல் ஊதாச் சாயத்தை வில்லியம் பெர்க்கின் 1856-இல் கண்டறியும் வரை, சாயம் என்றால் செடியோ பூச்சியோ சிப்பியோ மண்ணோதான். பழைய காலக் கதையில் ஊதா நிறத்தில் கொடி பறந்தால், அந்த அரசன் பெரும் செல்வன் என்றுதான் பொருள்.

கேள்வி: கொடி செவ்வகமாகத்தான் இருக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் இல்லை. சுவிட்சர்லாந்து, வாத்திகன் இரண்டின் கொடிகளும் சதுரம். கத்தார் கொடி 11:28 என்ற விகிதத்தில் நீண்டு கிடக்கிறது. நேபாளத்தின் கொடி ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்த இரண்டு முக்கோணங்கள். அதை எந்தக் கோட்டிலிருந்து தொடங்கி எப்படி வரைய வேண்டும் என்ற வடிவியல் வழிமுறை அந்நாட்டு அரசியலமைப்பிலேயே படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. செவ்வகம் பரவியதற்குத் தறியில் நெய்த துணியின் வடிவமே போதிய காரணம். வேறு வடிவம் வேண்டுமென்றால் வெட்டி வீணாகும் துணிக்கு உங்கள் நாடு ஒரு காரணம் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: என் கற்பனை முடியாட்சியில் மக்களுக்கு ஒரு கொடி, அரசுக்கு ஒரு கொடி, அரசிக்கு ஒரு கொடி என்று வைத்திருக்கிறேன். வாசகர்கள் குழம்புவார்களா? உண்மையில் எங்காவது இப்படி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. டென்மார்க்கில் மக்கள் ஏற்றுவது செவ்வகக் கொடி. அரசின் கொடிக்கு மீன்வால் போல் பிளந்த முனை. ஜெர்மனியில் கழுகுச் சின்னம் பொறித்த மூவண்ணக் கொடி அரசு அலுவலகங்களுக்கு மட்டும் உரியது. பிரிட்டனில் கடற்படைக் கப்பலுக்கு வெள்ளை, வணிகக் கப்பலுக்குச் சிவப்பு, அரசுப் பணியில் இருக்கும் கப்பலுக்கு நீலம் என்று தளநிறம் மாறுகிறது. மூன்றிலும் மேல் மூலையில் ஒன்றிய கொடி, அதாவது ‘யூனியன் ஜாக்’ எனப்படும் பிரிட்டனின் தேசியக் கொடி, இருக்கிறது. இப்படி ஒரு குடும்பச் சாயல் இருந்துவிட்டால் வாசகர் குழம்ப மாட்டார்.

ஆனால் அரசியின் கொடியைச் சேர்த்ததற்காக உங்களைப் பாராட்டுகிறேன். உங்கள் நாவலின் மிக வலுவான காட்சி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் தனிக்கொடி அரசர் இருக்கும் இடத்தில் மட்டும் பறக்கும். அது ஒருபோதும் அரைக்கம்பத்துக்கு இறங்காது. ஓர் அரசர் இறந்த கணமே அடுத்தவர் அரசராகிவிடுவதால், அரியணை ஒரு கணமும் காலியாக இருப்பதில்லை என்பது அதன் காரணம். 1997 வரை இலண்டனின் பக்கிங்ஹாம் அரண்மனையில் இந்த ஒரு கொடிதான் பறந்தது. அரசி ஊரில் இல்லாவிட்டால் கம்பம் வெறுமையாக நிற்கும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று இளவரசி டயானா பாரிஸில் விபத்தில் இறந்தார். அரசி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆகவே விதிப்படி அரண்மனைக் கம்பத்தில் எதுவும் இல்லை. நாடெங்கும் கொடிகள் தாழ்ந்திருக்க, வாசலில் மலர்க்கொத்துகளைக் குவித்துக்கொண்டிருந்த மக்கள் நிமிர்ந்து பார்த்தபோது வெறும் கம்பம்தான் தெரிந்தது. விதி துளியும் மீறப்படவில்லை. ஆனால் அந்த வெறுமையை மக்கள் இரக்கமின்மையாகவே படித்தார்கள். கோபம் நாளுக்கு நாள் வளர்ந்தது. கடைசியில் செப்டம்பர் 6 அன்று, இறுதிச் சடங்கு நாளில், அரண்மனையின் மேல் ஒன்றிய கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அதன் பிறகு, அரசர் அரண்மனையில் இல்லாத நாட்களில் ஒன்றிய கொடி பறப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு விதி எப்படிப் பிறக்கிறது, எப்படிக் காயப்படுத்துகிறது, எப்படி மாறுகிறது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடுகிறது. உங்கள் அரசியின் கொடிக்கும் இப்படி ஒரு வாரத்தைக் கொடுங்கள்.

கேள்வி: வெண்கரை நாவலாசிரியை மீண்டும் எழுதுகிறேன். கொடி மரியாதை என்று பத்து விதிகளை ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்தில் பட்டியலாகப் போடலாமா? எந்த விதிகள் அவசியம்?

பதில்: பட்டியல் வேண்டாம். ஒவ்வொரு விதியும் ஒருவர் கையால் செய்யப்படும்போது தெரியட்டும். அதற்கு, கொடி எப்படி ஏறுகிறது என்பதை நீங்கள் அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும். கம்பத்தை ஒட்டிய ஓரத்தில் தடித்த துணியில் ஓர் உறை தைத்து, அதற்குள் கயிற்றை ஓட்டியிருப்பார்கள். பல நாடுகளின் வழக்கில் அந்தக் கயிற்றின் மேல் நுனியில் விரல் நீளத்தில் ஒரு மரக்குச்சியும், கீழ் நுனியில் ஒரு வளையமும் இருக்கும். கம்பத்திலிருந்து வரும் கயிற்றில் இதற்கு மாறாக ஒரு முனையில் வளையம், மறுமுனையில் குச்சி. குச்சி வளையத்துக்குள்தான் மாட்டும் என்பதால், இருட்டிலும் மழையிலும் நடுங்கும் கையாலும் கொடியைத் தலைகீழாகக் கட்டிவிட முடியாது. எதிர்முனையில், காற்று சாட்டைபோல் சொடுக்கும் ஓரத்தில், மடித்து மூன்று நான்கு வரிசை தையல் போட்டிருப்பார்கள். இருந்தும் முதலில் நைந்துபோவது அந்த ஓரத்தின் மூலைகள்தான். உங்கள் தீவின் உப்புக் காற்றில் அது இன்னும் விரைவில் நையும். பழைய கொடியைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வயதைச் சொல்லக்கூடிய ஒரு தையற்காரக் கிழவியை நீங்கள் எழுதிவிட முடியும்.

அரைக்கம்பம் அவசியம் வேண்டும், ஏனென்றால் சாவு எல்லா நாட்டிலும் உண்டு. அதைச் சரியாக எழுதுங்கள். கொடியை நேராகப் பாதிவரை ஏற்றி நிறுத்துவதில்லை. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகே தாழ்த்துகிறார்கள். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றிய பிறகுதான் முழுவதும் இறக்குகிறார்கள். அரைக்கம்பம் என்ற பெயரைக் கொண்டு சரிபாதி என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டிஷ் வழக்கில் அது மூன்றில் இரண்டு பங்கு உயரம், கொடிக்கு மேல் குறைந்தது ஒரு கொடியின் அளவு வெற்றிடம் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சாவின் கொடிக்கு அங்கே இடம் விடுகிறார்கள் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. சவுதி அரேபியா தன் கொடியை யாருக்காகவும் தாழ்த்துவதில்லை, அதில் இருக்கும் வாசகத்தின் காரணமாக. இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் வெண்கரை எங்கே நிற்கிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கடலில் காணாமல்போன மீனவருக்கு, உடல் கிடைக்காதவருக்கு, எத்தனை நாள் தாழ்த்துவார்கள்? இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

கடல்நாடு என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். போர்க்கப்பலைக் கடந்து செல்லும் வணிகக் கப்பல் தன் கொடியைச் சற்றுத் தாழ்த்தி ஏற்றுவதும், போர்க்கப்பல் அதற்குப் பதில் மரியாதை செய்வதும் பழைய கடல் வழக்கம். அதே கடலில், சண்டையின் நடுவே கொடியை முழுவதும் இறக்கினால் சரணடைந்துவிட்டதாகப் பொருள். 1797 அக்டோபர் 11 அன்று கேம்பர்டவுன் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதியின் கப்பலில் கொடி பறந்த மரத்தின் உச்சி குண்டுபட்டு முறிந்தது. கொடி விழுந்ததை மற்றவர்கள் தோல்வி என்று எண்ணிவிடுவார்களே என்று ஜாக் கிராஃபோர்ட் என்ற மாலுமி குண்டுமழைக்கு நடுவே மரத்தில் ஏறி, அதை ஆணியால் அறைந்துவிட்டு இறங்கினார். தாழ்த்துவது மரியாதை, இறக்குவது தோல்வி. இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது சில அடி கயிறுதான் என்பதால்தான் கொடிக்கயிற்றைப் பிடிப்பவர் யார் என்பதில் இத்தனை கண்டிப்பு.

இரவில் கொடி பறக்கலாமா என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. இந்தியாவில் திறந்தவெளியிலும் வீடுகளிலும் பொதுமக்கள் ஏற்றும் கொடி இரவும் பகலும் பறக்கலாம் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. டென்மார்க்கில் மாலையில் கொடியை இறக்கிவிட்டு, நீண்டு மெலிந்த ஒரு வாலுருவத் துணியை அதன் இடத்தில் விட்டுவைக்கிறார்கள். அது இரவும் பறக்கலாம். கலங்கரை விளக்கின் கீழ் வாழும் உங்கள் மக்களுக்கு இந்த இரண்டாவது வழக்கம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. கரை திரும்பாத படகு ஒன்று இருக்கும்வரை கம்பம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

கடைசியாக, நைந்த கொடி. அமெரிக்கக் கொடிச் சட்டமும் இந்தியக் கொடி விதிகளும் அதை மரியாதையாக, எரிப்பதன் மூலம் அழிப்பதே மேல் என்கின்றன. தெருவில் எரித்தால் அவமதிப்பு. ஒதுக்குப்புறமாக, முழுதாக, மௌனமாக எரித்தால் மரியாதை. தீ இரண்டிலும் ஒன்றுதான், எரிப்பவரின் எண்ணம்தான் வேறு. விறகு அரிதான தீவில் எரிப்பதற்குப் பதிலாக என்ன செய்வார்கள்? உப்பில் புதைப்பார்களா, கல்லைக் கட்டி ஆழ்கடலில் இறக்குவார்களா? எதைத் தேர்ந்தெடுத்தாலும், பிணத்துக்குச் செய்வதும் கொடிக்குச் செய்வதும் ஒரே மாதிரி இருந்தால், நீங்கள் விளக்கம் எழுத வேண்டிய தேவையே இருக்காது.

கேள்வி: கதையில் கொடியைத் தலைகீழாக ஏற்றிவிடுவதால் ஒரு போர் தொடங்குகிறது. நம்பும்படி இருக்குமா?

பதில்: போர் தொடங்குவதற்கு அது மட்டும் போதாது; சாக்காக அமையலாம். பிலிப்பைன்ஸில் அமைதிக் காலத்தில் நீலம் மேலே, போர்க் காலத்தில் சிவப்பு மேலே என்பது சட்டம். ஆகவே அங்கே தவறுதலாகத் தலைகீழாக ஏற்றினால் போர் அறிவித்ததாக ஆகிவிடும். போலந்தின் கொடியைத் திருப்பினால் இந்தோனேசியாவின் நிறங்கள் வந்துவிடுகின்றன. சயாம் நாட்டின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பழைய கொடியில் வெள்ளை யானை இருந்தது. 1916-இல் வெள்ளம் பாதித்த ஊருக்குச் சென்ற அரசர் அது தலைகீழாகப் பறப்பதைக் கண்டு மனம் நொந்தார் என்றும், அதனால்தான் எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோல் தெரியும் பட்டைக் கொடியை 1917-இல் கொண்டுவந்தார் என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. மக்களைத் தண்டிப்பதற்குப் பதில் கொடியையே மாற்றிய அரசர் என்பதால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். உங்கள் அரசர் வேறு மாதிரி ஆளாக இருந்தால், தலைகீழாக ஏற்றிய ஏழை எழுத்தருக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதுங்கள். போர் அதன் பின்னால் வரட்டும்.

கேள்வி: பகை நாடுகள் இரண்டு பேச்சுவார்த்தைக்கு உட்காரும் காட்சி. கொடிகளை எப்படி வைப்பது?

பதில்: ஒரே உயரம், ஒரே அளவு, தனித்தனிக் கம்பம். ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாக ஏற்றக் கூடாது. கீழே இருப்பது அடங்கிப்போன நாடு என்று பொருளாகிவிடும். ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடுகளின் கொடிகள் ஆங்கில அகரவரிசையில், ஒரே அளவில் நிற்பதும் யாரும் யாருக்கும் மேல் இல்லை என்பதற்காகவே. இரண்டு நாடுகளுக்கு இரண்டு எழுத்துமுறை இருந்தால் எந்த அகரவரிசை என்பதிலேயே முதல் நாள் பேச்சு முடிந்துவிடலாம். கொரிய எல்லையில், இரண்டு சிற்றூர்களில், 1980-களில் தெற்கு சுமார் 100 மீட்டர் கம்பம் நட்டது. வடக்கு 160 மீட்டரில் பதில் சொன்னது. 2012-இல் கிளாஸ்கோவில் ஒலிம்பிக் பெண்கள் கால்பந்து ஆட்டத்துக்கு முன்பு வட கொரிய வீராங்கனைகளின் படங்களுக்குப் பக்கத்தில் திரையில் தென் கொரியக் கொடியைக் காட்டிவிட்டார்கள். அவர்கள் ஆட மறுத்து, ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. உங்கள் காட்சியில் கொடிகளை ஏற்பாடு செய்யும் சிற்றதிகாரிதான் அன்று மிகவும் பயந்திருக்கும் மனிதர். அவர் கண் வழியாக எழுதிப் பாருங்கள்.

கேள்வி: என் கதையின் முடிவில் புரட்சி வெற்றி பெறுகிறது. புதிய கொடி இன்னும் யாரும் வரையவில்லை. அன்று மாலை ஊர்வலத்தில் மக்கள் எந்தக் கொடியைப் பிடிப்பார்கள்?

பதில்: பழைய கொடியைத்தான், வேறு துணி அவர்களிடம் இல்லை. ஹெய்ட்டியில், 1803-இல் பிரெஞ்சு மூவண்ணக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்துவிட்டு, நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துத் தைத்துத் தங்கள் கொடியை ஆக்கினார்கள் என்று அந்நாட்டு மக்கள் சொல்லி வருகிறார்கள். 1956-இல் ஹங்கேரியிலும், 1989 டிசம்பரில் ருமேனியாவிலும் மக்கள் கொடியின் நடுவிலிருந்த ஆட்சியின் சின்னத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வட்டமான ஓட்டையோடு அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஓட்டை வழியாக வானமும் எதிர்வீட்டுச் சன்னலும் தெரிந்தன. நிறங்கள் எங்களுடையவை, நடுவில் இருந்தது உங்களுடையது என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு கத்தரிக்கோலுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் நாட்டுக் கொடியின் நடுவில் தளபதியின் முத்திரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கடைசி அத்தியாயத்தில் அந்தக் கத்தரிக்கோல் யார் வீட்டிலிருந்து வருகிறது என்பதை மட்டும் முதல் அத்தியாயத்திலேயே எங்காவது காட்டி வைத்துவிடுங்கள்.